அட்டையின் பின்பக்கம்

உட்காருங்கள் அம்மா. தரையில் வேண்டாம், அந்த பெஞ்சில் உட்காருங்கள். சரி, தரைதான் வசதி என்றால் அங்கேயே உட்காருங்கள். குழந்தை சேலையைப் பிடித்து இழுப்பான், கண்டுகொள்ளாதீர்கள். புது ஆள் வந்தால் அப்படித்தான். சேவியர், அம்மாவை விடு.

அந்தப் பத்திரிகைத் துண்டை மடித்து உள்ளே வையுங்கள். சன்னல் திறந்திருக்கிறது. வந்ததும் அதைத்தான் நீட்டினீர்கள், நான் பார்த்துவிட்டேன், படிக்க வேண்டியதில்லை. உங்கள் பெயர் வீராயி. வீட்டுக்காரர் காத்தமுத்து. சுங்கை லாலாங் தோட்டம், மூன்றாம் லயத்து வரிசை வீடு. சயாமுக்கு ரயில் பாதை போடக் கூட்டிக்கொண்டு போனார்கள். போன மாதம் அங்கிருந்து திரும்பி வந்த ஒருவன், முதல் மழையிலேயே காலராவில் காத்தமுத்து போய்விட்டான், நானே கண்ணால் பார்த்தேன் என்கிறான். ஆனால் அவர் எழுதிய கடிதம் என்று இந்தப் பத்திரிகையில் அச்சாகியிருப்பது அதற்கு ஆறு மாதம் கழித்து. 'நான் வருகிறவரை தோட்டத்தை விட்டு எங்கும் போகாதே' என்று அதில் இருக்கிறது. இந்தியாவுக்குப் போகிற கப்பலுக்கு நாளைக் காலையில் மேனேஜரிடம் பெயர் கொடுக்க வேண்டும். கொடுப்பதா, காத்திருப்பதா? செத்துப்போனவர் எப்படிக் கடிதம் எழுதுவார்? அந்தப் பத்திரிகையில் வேலை பார்த்தவள் நான், எனக்குத் தெரிந்திருக்கும் என்று ஏழு மைல் நடந்து வந்திருக்கிறீர்கள். இவ்வளவுதானே?

சொல்கிறேன். ஆனால் முதலிலிருந்து ஆரம்பித்தால்தான் எனக்குச் சொல்ல வரும். என் வீட்டுக்காரர் ரயில்வே ஆபீஸிலிருந்து ஐந்து மணிக்கு வந்துவிடுவார். அவர் இருந்தால் என்னைப் பேச விடமாட்டார். வருகிற திங்கட்கிழமை விசாரணைக்கு வரச் சொல்லி எனக்கு ஆர்டர் வந்திருக்கிறது அம்மா. வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் ஜப்பான்காரன் பத்திரிகையில் இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறார்கள். "டைப் அடிச்சேன், வேற ஒண்ணும் தெரியாதுன்னு மட்டும் சொல்லு. கேள்வி கேட்டா அழு" என்று என் வீட்டுக்காரர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். எனக்கு அழுகையும் வருவதில்லை. இந்தக் குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு உள்ளே போவேன் என்று மட்டும்தான் ஓடுகிறது. ராத்திரியில் பால் கேட்பான். இவர் எழுந்திருக்க மாட்டார்.

டாக்டர் நிஷியோகாவை உங்களுக்குத் தெரியும். உங்கள் மூத்த மகள் பவளத்துக்குக் காதில் சீழ் வந்தபோது அவரிடம்தானே கூட்டி வந்தீர்கள். நான் கான்வென்ட் படிப்பை முடித்ததும் அவரிடம்தான் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது அவர் இந்த டவுனுக்கு வந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. காப்பிக்கடைக்கு மேல் மாடியில் டிஸ்பென்சரி. வெள்ளைக்கார டாக்டர் உங்கள் ஆட்களைத் தொடாமல் தூரத்தில் நிறுத்தி நாக்கைப் பார்ப்பார். இவர் பக்கத்தில் உட்காரவைத்துக் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துப் புண்ணைக் கழுவுவார். தமிழில் அவருக்குத் தெரிந்தது மூச்சு இழு, எங்கே வலி, பயம் இல்லை. அவ்வளவுதான். பயம் இல்லை என்பதை மருந்து பெயர் மாதிரி சொல்வார்.

அவருக்கு ஒரு பழக்கம். யார் வந்தாலும் ஒரு அட்டை. முன்பக்கத்தில் நோய், எடை, தழும்பு, கொடுத்த மருந்து. பின்பக்கத்தில் வீட்டு விஷயம். வீட்டில் யார் யார், பிள்ளைகள் பெயர் என்ன, யார் சமைப்பது, யாரோடு சண்டை. எதற்கு டாக்டர் இதெல்லாம் என்று நான் ஒருநாள் கேட்டேன். "மருந்தை நான் கொடுக்கிறேன், அதை வாயில் ஊற்றுகிறவர் வீட்டில் இருக்கிறார். அவரைத் தெரியாமல் நான் என்ன வைத்தியம் செய்வது?" என்றார். நான்தான் எல்லாம் எழுதுவேன், அதனால்தானே என்னைக் கிராணியம்மா என்று கூப்பிடுகிறீர்கள். கான்வென்ட் எழுத்து அம்மா, கோடு போட்ட மாதிரி சாயும். ஸிஸ்டர் ஸ்கேலால் விரலில் அடித்து அடித்து வந்த எழுத்து. இரண்டாயிரத்துச் சொச்சம் அட்டை, ஒரு மர அலமாரியில், ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு இழுப்பறை. இந்த ஜில்லாவில் அப்படி ஒரு அலமாரி யாரிடமும் கிடையாது.

சண்டை வரப்போகிறது என்று தெரிந்ததும் அவர் தன் ஊர் ஜப்பானுக்குக் கப்பல் ஏறினார். போகும்போது சாவியை என் கையில் கொடுத்தார். "அட்டைகள் நனையக்கூடாது" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. சம்பளம் பற்றிக்கூடச் சொல்லவில்லை. குண்டு விழ ஆரம்பித்து ஜனங்கள் கடைகளை உடைத்து அரிசி மூட்டை தூக்கிக்கொண்டு ஓடுகிற நேரத்தில், நான் ஒரு மாட்டு வண்டியைப் பிடித்து அந்த அலமாரியை என் மாமியார் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். மழைக்காலம் முழுக்க அட்டைகளை வெயில் வந்தபோதெல்லாம் பாயில் பரப்பிக் காயவைத்தேன். ஒரு அட்டை நனையவில்லை அம்மா. ஒரு அட்டையில்கூடப் பூச்சி விழவில்லை. நம்பிக் கொடுத்ததை நம்பியபடியே திருப்பித் தர வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

மறு வருஷம் அவர் திரும்பி வந்தார். இப்போது டாக்டர் இல்லை, ஆபீஸர். பூட்ஸ், தொப்பி, இடுப்பில் வாள். அந்த வாள் அவருக்குப் பொருந்தவேயில்லை, நாற்காலியில் உட்காரும்போது ஒவ்வொரு தடவையும் இடித்துக்கொண்டு எழுந்து மறுபடி உட்காருவார். ஜில்லாவின் சுகாதாரம், தோட்டத்து ஆட்கள் கணக்கு எல்லாம் அவர் கையில். அலமாரியைத் திறந்து காட்டினேன். ஒரு அட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தார். கண் கலங்கியது. பொய் சொல்லவில்லை, கலங்கியது.

அடுத்த வருஷம் சயாமுக்கு ஆள் கேட்டு உத்தரவு வந்தது. தோட்டங்களிலிருந்து மேனேஜர்களும் கங்காணிகளும் யாரை அனுப்பினார்கள் தெரியுமா? நோயாளி, கிழவன், கால் வீங்கினவன். வேண்டாதவர்களையெல்லாம் தள்ளிவிட்டார்கள். டாக்டர் முதல் ரயிலைப் பார்த்துவிட்டு வந்து அன்று சாப்பிடவில்லை. இவர்கள் வழியிலேயே செத்துப்போவார்கள் என்றார். பலமான ஆளை அனுப்பினால் பிழைத்துத் திரும்பி வருவான், நாமே பொறுக்குவோம் என்றார். அதில் என்ன தப்பு சொல்லுங்கள்? நோயாளியைக் காப்பாற்றத்தானே செய்தார்? மூன்று நாள் அலமாரி முன்னால் உட்கார்ந்து பொறுக்கினோம். அவர் எடுத்து நீட்டுவார், நான் பெயர் எழுதுவேன். எனக்கு அப்போது இவன் வயிற்றில் நாலு மாதம்.

உங்கள் வீட்டுக்காரர் அட்டையும் வந்தது. வலது முழங்காலில் பழைய வெட்டுக்காயம். மலேரியா இல்லை. மண்ணீரல் வீக்கம் இல்லை. எடை நன்றாக இருந்தது. நல்ல உடம்பு. நான்தான் எழுதினேன் அம்மா. அவர் நீட்டினார், நான் எழுதினேன். நான் எழுதாவிட்டால் வேறு யாராவது எழுதியிருப்பார்கள், கிறுக்கலாக எழுதியிருப்பார்கள், பெயர் மாறி வேறு யாராவது போயிருப்பார்கள். நான் என்ன செய்ய முடியும்?

என் வீட்டுக்காரர் அட்டையா? அவர் அட்டையும் அந்த அலமாரியில்தான் இருந்தது. அவருக்கு ஆஸ்துமா உண்டு. எப்போதாவது வரும். அட்டையில் அப்படித்தான் எழுதியிருந்தது. எப்போது எழுதியது என்றால்... எழுதியிருந்தது. டாக்டர் அதைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், அட்டையைத் திருப்பி உள்ளே வைத்துவிட்டார். அப்படிப்பட்ட மனுஷன்.

ரயில்கள் போயின. ஒருவரும் திரும்பி வரவில்லை. டாக்டர் ஒரு தடவை எல்லைவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்து ஒரு ரிப்போர்ட் எழுதினார். இங்கிலீஷ் காப்பி நான்தான் டைப் அடித்தேன், அதனால் எனக்குத் தெரியும். காலரா, குடிக்கத் தண்ணீர் இல்லை, மருந்து அனுப்புங்கள், ஆள் அனுப்புவதை நிறுத்துங்கள். நாலு பக்கம். மேலே அனுப்பினார். பத்து நாளில் அவருடைய நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தான். டாக்டரை அடிக்கவில்லை, திட்டவில்லை. உனக்கு நன்றாக எழுத வருகிறதே, போய்ப் பத்திரிகை நடத்து என்று சொல்லிவிட்டார்கள். சீனன் ஒருவனிடமிருந்து பிடுங்கிய அச்சாபீஸ், வாரம் ஒரு தமிழ்ப் பத்திரிகை. வாளைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அலமாரியை மட்டும் கூடவே கொண்டுபோனார். என்னையும்.

ஏன் போனாய் என்று கேட்காதீர்கள். இவன் பிறந்து இரண்டு மாதம். எனக்குப் பால் வற்றிவிட்டது. மரவள்ளிக்கிழங்குக் கஞ்சியை வைத்துக்கொண்டு கைக்குழந்தையை என்ன செய்வது? டாக்டர் மாதம் நாலு டின் பால் கொடுத்தார். அந்த நாலு டின் இந்த டவுனில் வேறு யாருக்கும் கிடைக்காது. உங்கள் சின்னவனுக்கு அப்போது என்ன கொடுத்தீர்கள்? சரி, விடுங்கள். கேட்டிருக்கக் கூடாது.

பத்திரிகையில் அவர் நன்றாகத்தான் எழுதினார். கொசுவை ஒழிப்பது எப்படி, கிணற்றில் சுண்ணாம்பு போடுவது எப்படி. அதை மட்டும் எழுத விட்டிருந்தால் ஒரு பாவமும் இல்லை. தோட்டங்களில் பெண்கள் ஆபீஸ் வாசலில் கூடி அழ ஆரம்பித்தார்கள், புருஷனைக் காட்டு என்று. அடுத்த ரயிலுக்கு ஆள் பிடிக்க முடியவில்லை, காட்டுக்குள் ஓடுகிறார்கள். மேலேயிருந்து உத்தரவு வந்தது. சயாமில் இருப்பவர்கள் நலமாக இருக்கிறார்கள் என்று அவர்களே எழுதிய கடிதங்களைப் போடு என்று.

கடிதம் எங்கே இருக்கிறது? அவர்களில் பாதிப் பேருக்குக் கையெழுத்துப் போடவே தெரியாது.

டாக்டர் இரண்டு நாள் கொசுக் கட்டுரையையே திருத்திக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் அலமாரியைத் திறந்து ஒரு இழுப்பறையை அப்படியே உருவி என் மேசையில் வைத்தார். "ஃபிலோ, பின்பக்கத்தைப் பார்த்து எழுது. அவர்கள் எழுதினால் என்ன எழுதுவார்களோ அதை எழுது" என்றார். பொய் எழுது என்று அவர் சொல்லவில்லை. ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

ஆமாம் அம்மா. நீங்கள் கையில் வைத்திருப்பது நான் எழுதியது.

எனக்கு இருபத்திரண்டு வயது. தொட்டிலை ஒரு காலால் ஆட்டிக்கொண்டே எழுதினேன். முதல் கடிதத்தில் மூன்று வேளை சோறு, மீன், சினிமா காட்டுகிறார்கள் என்றெல்லாம் எழுதினேன். டாக்டர் படித்துவிட்டுக் கோடு போட்டு அடித்தார். "இவன் ரொம்ப சந்தோஷமாக இருக்கிறான். இப்படி இருக்கிறவன் வீட்டை நினைக்க மாட்டான். எங்கேயாவது கொஞ்சம் வலி வை" என்றார். அதனால்தான் உங்கள் வீட்டுக்காரர் கடிதத்தில் மழை பெய்தால் முழங்கால் குத்துகிறது என்று வந்தது. அட்டையின் முன்பக்கத்திலிருந்து எடுத்தேன். பவளத்துக்குக் காது வலித்தால் சூடு எண்ணெய் விடாதே, துணியால் துடை என்று வந்ததே, அது பின்பக்கம்.

தோட்டத்தை விட்டுப் போகாதே என்றது அட்டையில் எங்கேயும் இல்லை. அதை நானாகப் போட்டேன். கடிதத்தை எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. எல்லாக் கடிதத்தையும் அந்த வரியில்தான் முடித்தேன். நாற்பத்தொரு கடிதம். படிக்க நன்றாக இருந்தது. டாக்டர்கூட அதை அடிக்கவில்லை. ஒவ்வொரு தாளின் அடியிலும் மருந்துச் சீட்டில் போடுவது மாதிரி ஒரு சின்னக் கையெழுத்துப் போட்டு அச்சுக்கு அனுப்பினார். என் பெயர் எதிலும் கிடையாது. என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தாரா, வழக்கத்தினால் செய்தாரா, எனக்குத் தெரியாது. இப்போது ஜெயிலில் இருக்கிறார். அங்கே கைதிகளுக்குப் புண் கழுவுகிறாராம். விசாரணையில் அவர் வாயிலிருந்து என் பெயர் வருமா வராதா என்று நினைத்து நினைத்து, எனக்குப் பால் இருந்தால் மறுபடி வற்றியிருக்கும், நல்லவேளை இவன் இப்போது சோறு தின்கிறான்.

என்னைத் திட்டுங்கள். திட்டுவீர்கள் என்றுதான் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன்.

என்ன?

எண்ணெய் விட்டது அவருக்குத் தெரியாதா?

அவர் மரம் வெட்டப் போயிருந்தபோது நீங்கள் மட்டும்தான் பவளத்தைக் கூட்டி வந்தீர்களா? எண்ணெய் விட்டுத்தான் காது கெட்டது என்று தெரிந்தால் அடிப்பார் என்று அவரிடம் மறைத்துவிட்டீர்களா? அப்படியானால் கடிதம் வந்த அன்றைக்கே... ஆமாம், இது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று அன்றைக்கே உங்களுக்குத் தோன்றியிருக்கும். பவளம் சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டீர்கள். அவளிடம் கேட்கவில்லை. இரண்டு வருஷமாகக் கேட்கவில்லை.

எனக்கு எப்படித் தெரியும் அம்மா? அட்டையில் இருந்தது, எழுதினேன்.

அவர் போய்விட்டார் என்று நான் சொல்லவில்லை. இருக்கிறார் என்றும் சொல்லவில்லை. அந்த அச்சாபீஸில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. உங்கள் ஊர்க்காரன் கண்ணால் பார்த்தேன் என்கிறான். நான் யாரையும் பார்க்கவில்லை. பார்த்தவன் பேச்சைத்தான் நீங்கள் நம்ப வேண்டும். கப்பலுக்குப் பெயர் கொடுங்கள். அதைத்தான் நான் சொல்ல முடியும். சின்னவன் காலில் இருக்கிற புண்ணைப் பார்த்தால் இங்கே இன்னொரு மழையைத் தாங்க மாட்டான் என்று நீங்களே சொல்கிறீர்கள். உங்கள் அண்ணன் ஊரில் இரண்டு மாடு வைத்திருக்கிறார். போங்கள்.

பவளமா?

பதினாலு வயசுப் பெண் அம்மாவைத் தனியாகப் போ என்று சொல்வாளா? அப்பா போகாதே என்று எழுதியிருக்கிறார், நான் வரமாட்டேன், லயத்தில் தனியாக இருந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டிப் பிழைத்துக்கொள்கிறேன் என்கிறாளா. திரும்பி வந்தவன் சொன்னது? அவன் குடிகாரன், பத்திரிகையில் அச்சடித்திருப்பது பொய்யா என்கிறாளா. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம் படித்தவள் அல்லவா. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்களுக்கு அச்சுதான் பெரிது. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

முடியாது அம்மா. நான் தோட்டத்துக்கு வர முடியாது. அவள் ஒருத்தியிடம் சொன்னால் லயம் முழுக்கத் தெரியும். நாற்பத்தொரு வீடு. நாற்பத்தொரு வீட்டுக்காரிகளும் துண்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். திங்கட்கிழமை விசாரணை. நான் உள்ளே போனால் இவனை... நீங்களும் பெற்றவள்தானே. என்னைப் பாருங்கள். கும்பிட்டுக் கேட்கிறேன். நான் எழுதினேன் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். பவளத்திடம்கூட.

எழுந்திருங்கள் அம்மா. மணி நாலரை. அவர் வந்துவிடுவார். வரட்டும் என்கிறீர்களா? வந்தால் உங்களை வெளியே தள்ளிவிடுவார், அவர் நல்லவர்தான், ஆனால் பயந்தவர்.

என்ன சொன்னீர்கள்?

மறுபடி சொல்லுங்கள், மெதுவாக.

"நீங்க வர வேணாம் கிராணியம்மா. எங்கேயும் சொல்ல வேணாம். இன்னொண்ணு எழுதிக் குடுங்க. நான் வர நாளாவும், புள்ளைகளைக் கூட்டிக்கிட்டு நீ ஊருக்குப் போய்ச் சேருன்னு. அவரு சொன்னா அவ வருவா."

இப்போது பத்திரிகை கிடையாது அம்மா. அச்சு கிடையாது. என் கையால் எழுத வேண்டும். என் எழுத்து விசாரணைக்காரர்களுக்குத் தெரியும், அட்டை முழுக்க என் எழுத்துதான், அலமாரியோடு அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். இந்தக் காகிதம் ஒருநாள் யார் கையிலாவது கிடைத்தால் டைப் அடித்தேன் என்று அழுதுகாட்டி என்ன பிரயோஜனம்? டாக்டர் கையெழுத்துப் போட இங்கே இல்லை. என் ஒருத்தியுடையதாக இருக்கும்.

நாகப்பட்டினம் போனதும் கிழித்துவிடுவீர்களா? நீங்கள் சொல்வீர்கள். பவளம் கிழிப்பாளா? அந்தப் பழைய துண்டையே இரண்டு வருஷம் வைத்திருந்த பெண்.

எழுதாவிட்டால் நீங்கள் எழுந்திருக்க மாட்டீர்கள். தெரிகிறது. மிரட்டவில்லை, சும்மாதான் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருக்கிறது.

சேவியர், அந்தப் பேனாவைக் கொடு. வாயில் வைக்காதே.

திரும்பி வந்தவன் கொண்டுவந்து கொடுத்தான் என்று சொல்லிக்கொள்ளுங்கள். இல்லை, அவனை வேண்டாம், அவனைக் கேட்டுவிடுவாள். ரயில் ஸ்டேஷனில் யாரோ முகம் தெரியாத ஆள். இடது கையால் எழுதுகிறேன், கோணலாக இருக்கட்டும். அவருக்குப் பதிலாகப் பக்கத்தில் இருந்தவர் எழுதினார் என்று இருக்கட்டும். தேதி வேண்டாம். முழங்கால் வேண்டாம், காது வேண்டாம். சின்னதாக எழுதுவோம்.

எல்லாக் கடிதத்திலும் 'அன்புள்ள மனைவிக்கு' என்றுதான் ஆரம்பித்தேன். நாற்பத்தொரு பேரும் அப்படியே எழுதினார்கள். பவளம் இதையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். இந்தத் தடவை அப்படி ஆரம்பித்தால் சரிப்படாது.

அழாதீர்கள் அம்மா. ஐந்து மணிக்கு முன்னால் முடித்துவிட வேண்டும்.

அவர் உங்களை எப்படிக் கூப்பிடுவார்?